எரிமலையை எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது?

2025 ஜூன் 2ஆம் தேதி, இத்தாலியின் எட்னா எரிமலைச் சரிவில் சுற்றுப்பயணிகள் தலைதெறிக்க ஓடும் காணொளி உலகெங்கும் பரவியது. எரிமலை வாயின் ஒரு பகுதி சரிந்ததில் எழுந்த சாம்பல் புகை மண்டலம், ஓடியவர்களுக்குப் பின்னால் மலைபோல் உருண்டு வந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

சீறும் எரிமலையை நேரில் காட்டுவது இன்று ஒரு பெரிய வணிகம். ஐஸ்லாந்து, ஹவாய், இத்தாலி, இந்தோனேசியா என்று பல இடங்களில் உள்ளூர் மக்களின் பிழைப்பும் அதைச் சார்ந்துள்ளது. ஆனால் அபாயம் வரும்போது வாசலை மூடும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்குப் பல இடங்களில் தெளிவான பதில் இல்லை.

சீட்டு ஒருவர் கையில், எச்சரிக்கை இன்னொருவர் கையில்

மேற்கு சுமத்ராவின் மராப்பி எரிமலை 2023 டிசம்பர் 3ஆம் தேதி வெடித்தது. பதிவு செய்து மலையேறியிருந்தவர்கள் 75 பேர். மாண்டவர்கள் 24 பேர்.

இந்தோனேசியாவின் நான்கு படி எச்சரிக்கையில் மராப்பி அப்போது இரண்டாம் படியில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் நெருங்க வேண்டாம் என்று கண்காணிப்பு நிபுணர்கள் அறிவுறுத்தியிருந்தனர். அப்படியிருந்தும் மலையேறும் அனுமதி தொடர்ந்து வழங்கப்பட்டது. அனுமதி கொடுத்தது இன்னோர் அரசுத் துறை. அபாயத்தை அளந்தவர்களின் சொல், சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எடுபடவில்லை.

நியூசிலாந்தின் வாக்காரி தீவிலும் இதே கதைதான். அங்கு எச்சரிக்கை நிலை ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்ந்து மூன்று வாரங்கள் ஆகியும் சுற்றுலா நிற்கவில்லை. 2019 டிசம்பர் 9ஆம் தேதி வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர் மலேசியர். வழிகாட்டிகள் இருவர் உட்பட 22 பேர் உயிரிழந்தனர்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. சுற்றுலா நடத்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. தீவின் உரிமையாளர் நிறுவனம் 2023இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆனால் 2025இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதை நீதிபதிகளே ஒரே மாதிரி பார்க்கவில்லை என்றால், சீட்டு வாங்கிய பயணிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

வழி திறந்த நாடு, வழி அடைத்த நாடு

இதை ஓரளவு சரியாகக் கையாண்ட நாடு ஐஸ்லாந்து. 2021 மார்ச் 19ஆம் தேதி, ஏறக்குறைய 800 ஆண்டுகள் அமைதியாக இருந்த ரெய்க்யானஸ் தீபகற்பத்தில் எரிமலைக் குழம்பு பொங்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டனர். தடுத்துப் பார்த்தாலும் வருவார்கள் என்பதை உணர்ந்த அதிகாரிகள், நடைபாதையைக் குறியிட்டனர். தன்னார்வ மீட்புக் குழுவினர் காவல் நின்றனர். நில உரிமையாளர்கள் கார் நிறுத்துமிடம் அமைத்துக் கட்டணம் வசூலித்தனர்.

காற்றில் நச்சு வாயு கூடினால் பாதை மூடப்பட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி புதிய பிளவு ஒன்று வாய் திறந்தபோது அங்கிருந்த அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 2022இல் மீண்டும் குழம்பு வந்தபோது, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துச் செல்லக் காவல்துறை தடை விதித்தது.

2023 நவம்பரில் நிலைமை வேறானது. அதே தீபகற்பத்தில் உள்ள கிரிண்டாவிக் நகரின் ஏறக்குறைய 3,800 பேரும் ஒரே இரவில் வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் சில வீடுகள் குழம்பில் எரிந்தன. புகழ்பெற்ற புளூ லகூன் வெந்நீர்க் குளம் பல முறை மூடப்பட்டது. 2024 நவம்பரில் அதன் கார் நிறுத்துமிடத்தையே குழம்பு மூடியது. 2021இல் நடைபாதை போட்டுக் கொடுத்த நாடு, இம்முறை பார்வையாளர்களைப் பக்கத்தில் விடவில்லை.

ஆசையை வேறு வழியில் தீர்க்கவும் அந்நாடு கற்றுக்கொண்டது. விக் என்ற சிற்றூரில் 2018இல் தொடங்கிய காட்சிக்கூடத்தில், உண்மையான எரிமலைப் பாறையை 1,100 பாகை செல்சியஸ் வரை உருக்கிப் பார்வையாளர் முன் ஊற்றுகின்றனர். சூடும் ஒளியும் நிஜம், ஆபத்து மட்டும் இல்லை. ஹவாயின் கீலாவேயா எரிமலையைத் தேசியப் பூங்காவின் விளிம்பிலிருந்து பார்க்கலாம். வீட்டில் இருப்பவர்கள் கண்காணிப்பு நிலையத்தின் நேரலைக் கேமராவில் காணலாம். இங்கெல்லாம் நெருக்கத்தை விற்காமலே காட்சியைக் காட்ட முடிந்திருக்கிறது.

பயணம் புறப்படும் முன்

மலேசியர்கள் பலர் விடுமுறைக்குப் பாண்டுங், புரோமோ என்று ஜாவாவுக்குச் செல்கின்றனர். பாண்டுங் அருகே உள்ள தங்குபான் பெராஹு 2019 ஜூலை 26ஆம் தேதி சாம்பலைக் கக்கியபோது சுற்றுப்பயணிகள் அங்குதான் இருந்தனர்.

இந்தோனேசியாவின் நான்கு படிகள் நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். ஒவ்வோர் எரிமலையின் அன்றைய நிலையும் அரசின் மேக்மா இந்தோனேசியா இணையத்தளத்தில் வெளியாகிறது. மலாய் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது கடினமன்று. படியின் பெயரோடு நிறுத்தாமல், எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்ற வரியையும் படிக்க வேண்டும். மராப்பியில் கவனிக்கப்படாமல் போனது அந்த வரிதான்.

பயண முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. எச்சரிக்கை நிலை உயர்ந்தால் பயணம் ரத்தாகுமா, பணம் திரும்பக் கிடைக்குமா? காப்புறுதி எடுத்திருந்தால், எரிமலை வெடிப்புக்கு அது பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் திரும்பாது என்றால் மாதக்கணக்கில் சேமித்துப் புறப்பட்ட குடும்பம், கொடுத்த காசு வீணாகுமே என்று தானே மலையேறத் துணியும். முகவரும் தடுக்க மாட்டார். பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுக்கும் முகவரே நம்பிப் போகத் தக்கவர்.