சிவப்புக் கோடும் குருட்டு நம்பிக்கையும்

மீமிசலில், சுரத்திற்குத் தாயத்துக் கட்டுவது மடமை என்று ஒப்புக்கொள்ளுகிற தோழர்களே, மருந்துக் கடையில் "நாலு மாத்திரை கொடு" என்று ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். இதுவும் குருட்டு நம்பிக்கையல்லாமல் வேறென்ன?

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதை இம்மாத்திரை கொல்லாது. குறைவாகத் தின்றால் கிருமிகள் மருந்தையே தாங்கப் பழகிவிடுமென்று, பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945-ல் நோபல் சொற்பொழிவில் எச்சரித்தார். நிற்க, வயிற்றுப்போக்கு, தடிப்பு உண்டாகலாம். சிப்ரோபிளாக்சசின் சிலருக்குக் குதிகால் தசைநாரையே அறுத்துவிடும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஆகவே தோழர்களே! அட்டையில் சிவப்புக் கோடு கண்டால் டாக்டர் சீட்டின்றி வாங்காதீர்கள். சீட்டெழுதும் டாக்டரிடமும், "எதற்கு? எத்தனை நாள்? என்ன கெடுதல் வரும்?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, கேளாமல் விழுங்குவதே குற்றம்.