பைக்கின் கதையை முடித்துக் கொடுங்கள்

பாரமவுண்ட் நிறுவனத்திலும் ஐடிடபிள்யூ பதிப்பகத்திலும் ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ் குறித்து முடிவெடுப்பவர்களுக்கு,

முதலில் நன்றி. 1999இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொலைக்காட்சித் தொடர் முடிந்தபோது, திரும்பி வருவேன் என்று மனைவி கசிடியிடம் சொல்லிவிட்டு மறைந்தார் பெஞ்சமின் சிஸ்கோ. 2022இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது, காலின் கெல்லியும் ஜாக்சன் லான்சிங்கும் எழுதிய உங்கள் காமிக்ஸ். தொலைக்காட்சி பாதியில் விட்டதைக் காமிக்ஸ் எடுத்து நடத்தும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

1997இல் மார்வெல் ‘எர்லி வாயேஜஸ்’ தொடரைத் தொடங்கியது. கிர்க்குக்கு முன்பு எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டனாக இருந்த கிறிஸ்டோபர் பைக்கின் கதை அது. பைக்கும் அவருடைய ஆட்களும் என்பிசி நிராகரித்த முதல் முன்னோட்டப் படத்துக்காகப் படைக்கப்பட்டவர்கள். அந்தப் படத்தில் பெயரளவுக்கு வந்துபோனவர்களுக்கெல்லாம் டான் அப்னெட்டும் இயன் எட்ஜிங்டனும் அச்சமும் பிடிவாதமும் பாசமும் கொடுத்தார்கள். ஓர் இதழில் அதே முன்னோட்டப் படத்தின் கதையை இளம் உதவியாளர் கோல்ட்டின் கண்வழியாகத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் கதையில் பைக் கூண்டுக்குள் கிடக்கும்போது கப்பலில் இருந்தவர்கள் பட்ட பாடு அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. ஸ்டார் ட்ரெக் காமிக்ஸில் அதற்கு இணையாக நான் வைப்பவை மிகச் சிலவே.

1998இல், 17ஆவது இதழோடு தொடர் நின்றது. கதை உச்சத்தில் இருந்தது. அடுத்த இதழ் வரவில்லை. பின்னாளில் அந்த 17 இதழ்களையும் நீங்களே ஒரே தொகுப்பாக வெளியிட்டீர்கள். இன்று அதை வாங்கிப் படிக்கும் புதிய வாசகரும் கடைசிப் பக்கத்தில் அந்தரத்தில்தான் நிற்கிறார்.

பைக்கை நாயகனாகக் கொண்ட ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் இருக்கும்போது இன்னொரு பைக் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒத்துப்போகாது, உண்மைதான். ஆனால் 2009இல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படமே வேறொரு காலக்கோட்டில் நடப்பதுதானே? அந்தக் காலக்கோட்டிலேயே 2011 முதல் 60 இதழ்கள் வெளியிட்டவர்கள் நீங்கள். ரசிகர்கள் குழம்பிப்போகவில்லை. முன்மாதிரியும் இருக்கிறது. 1986இல் 107ஆவது இதழோடு நின்ற தன் ஸ்டார் வார்ஸ் தொடருக்கு 2019இல் மார்வெல் 108ஆவது இதழை வெளியிட்டது. அதே எண் வரிசை, அதே பழைய உலகம், ஒரே ஒரு இதழ். எங்களுக்கும் 18 என்ற எண்ணிட்ட ஓர் இதழ் போதும். இயலுமானால் அப்னெட்டையும் எட்ஜிங்டனையுமே எழுதச் சொல்லுங்கள். எப்படி முடிக்க நினைத்திருந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விருப்பமும் உண்டு. திரையில் வேற்றுக்கிரகவாசி என்றால் பெரும்பாலும் நெற்றியில் மேடு வைத்த மனிதர்தான். நடிப்பவர் மனிதர், ஒப்பனைக்கு நேரமும் பணமும் வேண்டும், வேறு வழியில்லை. ஓவியருக்கு அந்தத் தடை இல்லை. 1973இல் வந்த அனிமேஷன் தொடர் இதைப் புரிந்துகொண்டு, மூன்று கை, மூன்று கால் கொண்ட அரெக்ஸை எண்டர்பிரைஸில் உட்கார வைத்தது. 1967இல் திரையில் வந்த ஹோர்ட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையைத் துளைத்து வாழும், முட்டைகளைக் காக்கக் கொலையும் செய்த அந்தத் தாயை மறக்க முடியுமா? பின்னர் டயன் டுவேன் தன் நாவலில் ஒரு ஹோர்ட்டாவை விண்படை அதிகாரியாகவே ஆக்கிக்காட்டினார். மனிதரே இல்லாத ஒரு கப்பலை எங்களுக்குக் கொடுங்கள். கேப்டன் ஹோர்ட்டாவாக இருக்கட்டும், நாற்காலியே இல்லாத மேல்தளம் வரையப்படட்டும். நான்கு இதழ்களில் முடித்துவிடாமல் அந்தக் கப்பலில் இருப்பவர்கள் சண்டையிட்டுச் சமாதானமாகிப் பழக ஓராண்டாவது இடம் விடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், 18ஆவது இதழை முதலில் வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்