எல்லையில் யாரும் நிய்யத்தைக் கேட்பதில்லை

சென்ற ஷஃபான் மாதம் ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது எமது ஊரின் முதியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "மகன், மருமகன் ஜித்தாவில இருந்து விசிட் விசா எடுத்துத் தாறாராம். நோன்புப் பெருநாளைக்குப் பிறகு போய், மகள் வீட்டில நிண்டு, அப்படியே ஹஜ்ஜையும் முடிச்சிட்டு வரலாம் எண்டு ஒருத்தர் சொல்றார். விசா எண்டா விசாதானே?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வியில் களவு எதுவும் இல்லை. வாழ்நாள் ஆசை ஒன்றைக் குறைந்த செலவில் நிறைவேற்ற வழி கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சி மட்டும்தான் இருந்தது. ஆனால் "விசா எண்டா விசாதானே" என்ற அந்த வார்த்தைக்குள்தான் இன்று எமது சமூகத்தில் பலர் விழக்கூடிய குழி இருக்கிறது. சவூதி அரேபியாவுக்குச் செல்வோர் தெரிந்திருக்க வேண்டிய நுழைவு விதிகளையும் சுங்க விதிகளையும் பற்றி எழுத வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

முதலில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம். பல தசாப்தங்களாக சவூதிக்குள் நுழைய ஹஜ், உம்ரா, தொழில், உறவினரைப் பார்த்தல், வியாபாரம் என்ற வாசல்களே இருந்தன. 2016 இல் அறிவிக்கப்பட்ட "விஷன் 2030" திட்டத்தின் கீழ் எண்ணெய் வருமானத்தில் மட்டும் தங்கியிருக்காத ஒரு பொருளாதாரத்தை அந்நாடு உருவாக்க முனைந்தது. அதன் ஒரு பகுதியாக 2019 செப்டெம்பரில் 49 நாடுகளின் பிரஜைகளுக்குச் சுற்றுலா விசா திறக்கப்பட்டது. அந்த முதல் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. எனினும் பின்னர் வளைகுடா நாடுகளில் வதிவிட அனுமதி பெற்றிருப்போருக்கும், அமெரிக்கா, பிரித்தானியா, ஷெங்கன் நாடுகளின் விசாவைப் பெற்று ஒரு முறையேனும் பயன்படுத்தியோருக்கும் வழி திறந்தது. வருடத்துக்கு 10 கோடிப் பயணிகள் என்ற இலக்கை 2023 இலேயே அடைந்துவிட்ட அந்நாடு, 2030 க்கான இலக்கை 15 கோடியாக உயர்த்தியிருக்கிறது.

உம்ராவும் இலகுவானது. உம்ரா விசாவில் தங்கும் காலம் 2022 இல் 30 நாட்களிலிருந்து 90 நாட்களாக நீடிக்கப்பட்டது. அதே வருடம் "நுசுக்" தளம் ஆரம்பிக்கப்பட்டது. மஹ்ரம் இன்றியும் பெண்கள் வரலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. சுற்றுலா விசாவிலோ உறவினரைப் பார்க்கும் விசாவிலோ சென்றவர்களும் ஹஜ் காலத்துக்கு வெளியே உம்ரா செய்யலாம் என்றானது.

இந்தக் கடைசி விடயம்தான் குழப்பத்தின் வேர். உம்ராவுக்கு எந்த விசாவும் போதும் என்று அனுபவத்தில் கண்ட மக்கள், ஹஜ்ஜுக்கும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறானது. மற்ற எல்லா வாசல்களும் அகலமாகத் திறக்கத் திறக்க, ஹஜ்ஜின் வாசலில் காவல் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

காரணம் புரியாததல்ல. மினாவின் பரப்பளவு கூடப் போவதில்லை. துல்ஹஜ் ஒன்பதாம் நாள் அரபாவில் நிற்பதை வேறு நாளுக்கு மாற்றவும் முடியாது. ஆகவே நாடுகளுக்கு ஒதுக்கீடு என்ற முறை வந்தது. ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒரு ஹாஜி என்பது 1980 களில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு ஏற்றுக்கொண்ட அளவுகோல். அதன்படி சுமார் 20 இலட்சம் முஸ்லிம்கள் வாழும் எமது நாட்டுக்கு 2,000 அளவில்தான் கிடைக்க வேண்டும். அண்மைய வருடங்களில் 3,500 பேருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

ஒதுக்கீடு இருந்தும் குறுக்கு வழி ஏன் தேடப்படுகிறது? 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் ஹஜ் செலவு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. காணியை விற்றும் போதாதவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏக்கத்தைத்தான் சிலர் வியாபாரமாக்குகிறார்கள்.

அதன் முடிவு என்ன என்பதை 2024 ஹஜ் உலகத்துக்கே காட்டியது. மஸ்ஜிதுல் ஹராம் பகுதியில் வெப்பநிலை 51.8 பாகை செல்சியஸ் வரை சென்ற அந்த ஜூன் மாதத்தில் 1,301 பேர் உயிரிழந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 வீதமானோர் ஹஜ் அனுமதி இல்லாதவர்கள். அனுமதி இல்லாதவருக்கு மினாவில் குளிரூட்டப்பட்ட கூடாரம் இல்லை. பஸ்ஸில் இடம் இல்லை. நெருப்பு வெயிலில் கால்நடையாகவே நீண்ட தூரம் நடக்க வேண்டியவர்கள் அவர்கள். பலரிடம் அடையாள ஆவணங்கள்கூட இருக்கவில்லை. அதனால் ஜனாஸாக்களை அடையாளம் காண்பதே தாமதமானது. இலக்கமும் பெயரும் அற்ற ஒருவராக, யா அல்லாஹ், எந்தத் தந்தையின் முடிவும் அப்படி அமையக் கூடாது.

அதன் பின்னர் எகிப்து 16 பிரயாண நிறுவனங்களின் அனுமதியை இரத்துச் செய்தது. டியூனீசியாவில் மத விவகார அமைச்சரே பதவி நீக்கப்பட்டார். ஆனால் மௌத்தானவர்களின் பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது?

2025 ஹஜ்ஜுக்கு விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. உம்ரா விசாவில் நுழையக் கடைசி நாள் ஏப்ரல் 13, வெளியேறக் கடைசி நாள் ஏப்ரல் 29 என்று அறிவிக்கப்பட்டது. துல்கஃதா முதலாம் பிறையிலிருந்து துல்ஹஜ் 14 வரை எந்த வகை விசிட் விசாவில் இருப்பவரும் மக்காவுக்குள் நுழைவதோ தங்குவதோ குற்றம். அனுமதியின்றி ஹஜ் செய்தாலோ செய்ய முயன்றாலோ 20,000 ரியால் வரை அபராதம். காலம் கடந்து தங்கியோர் களவாக ஹஜ் செய்ய முயன்றால் நாடு கடத்தப்பட்டு, பத்து வருடங்களுக்குத் திரும்ப வர முடியாது.

இவற்றை ஓரளவு பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்விப்படாத விதி இன்னொன்று இருக்கிறது. அப்படி ஹஜ் செய்ய முயன்றவருக்காக விசிட் விசாவுக்கு விண்ணப்பித்தவர், அவரை மக்காவுக்கு ஏற்றிச் சென்றவர், அங்கே தங்க இடம் கொடுத்தவர் ஆகியோருக்கு 1,00,000 ரியால் வரை அபராதம். ஒரு ரியாலை 80 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது 80 இலட்சம் ரூபா. ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அது பெருகும்.

நான் முதலில் சொன்ன முதியவருக்கு வழிகாட்டியவர் இதைச் சொல்லவே இல்லை. மாமாவின் ஆசைக்காக விசா எடுத்துக் கொடுத்த மருமகன், பல வருட உழைப்பை ஒரே நாளில் இழந்திருக்கலாம். மகளின் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கலாம்.

"அல்லாஹ்வின் வீட்டுக்குப் போக மனிதனின் அனுமதி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. உணர்ச்சிக்கு இனிமையான கேள்விதான். ஆனால் ஹஜ் கடமையாவது சக்தி பெற்றவர் மீது. உடல் பலமும் பணமும் பயணப் பாதுகாப்பும் அந்தச் சக்திக்குள் அடங்கும் என்று மத்ரஸா மாணவரும் அறிவார். அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது, அவ்வாறு செய்பவர் பாவியாகிறார் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 2024 ஏப்ரலில் அறிவித்தது. அந்த அரசின் கொள்கைகள் எல்லாவற்றுடனும் நாம் உடன்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல இலட்சம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது, கணக்கில் இல்லாத ஒருவர் பிடிப்பது கணக்கில் இருக்கும் இன்னொருவரின் நிழலையும் தண்ணீரையும்தான்.

விசாவுக்கு அடுத்தது சுங்கம். அங்கேயும் இதே கதைதான்.

எங்கள் ஊர்களில் ஒருவர் சவூதிக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், முதல் நாள் இரவு வீடு நிறைந்துவிடும். மாசி, கறித்தூள், பலகாரம், மருந்துப் பக்கெட் என்று ஒவ்வொருவரும் ஒரு பொதி தருவார்கள். மறுப்பது உறவை முறிப்பதாகக் கருதப்படுகிறது. அமானிதம் என்றே அதைச் சுமந்து செல்கிறோம். ஆனால் அமானிதம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து சுமப்பதுதான்.

2019 இல் மும்பையிலிருந்து கட்டாருக்குச் சென்ற இளம் முஸ்லிம் தம்பதி ஒன்றின் கதை செய்திகளில் வந்தது. உறவுக்காரப் பெண் ஒருவர் தந்த பொதியில் சுமார் நான்கு கிலோ ஹஷீஷ் இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. பத்து வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மனைவி சிறையிலேயே பிள்ளை பெற்றார். இந்திய அதிகாரிகளின் விசாரணையில் உண்மை வெளிவந்து, 2021 இல்தான் விடுதலையானார்கள். சவூதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை இருக்கிறது; அது ஏட்டளவில் மட்டும் இல்லை, நிறைவேற்றப்படுகிறது.

போதைப்பொருள் என்றால் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கசகசாவை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்புக் காலத்தில் நாம் சர்பத்திலும் பலூடாவிலும் போடுவது துளசி இனத்துச் செடியின் கறுப்பு விதை. கறிக்கும் இனிப்புக்கும் அரைக்கும் வெள்ளைக் கசகசா அபின் செடியின் விதை. இரண்டுக்கும் நம் நாவில் ஒரே பெயர். இரண்டாவதை வளைகுடா நாடுகளுக்குக் கொண்டுபோவது கைதில் முடியலாம். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே சந்தேகம் வரும் என்பதால் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது.

மருந்து இதைவிட முக்கியம். உம்ராவுக்குச் செல்வோரில் பலர் முதியவர்கள். நீரிழிவும் மூட்டு வலியும் உள்ளவர்கள். வலிக்குத் தரப்படும் ட்ரமடோல், நரம்பு எரிவுக்குத் தரப்படும் ப்ரீகபாலின் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருந்துச் சிட்டை, வைத்தியரின் கடிதம், பாமசி தந்த அசல் பெட்டி ஆகியவை இல்லாமல் அவற்றைக் கொண்டுபோகக் கூடாது. 30 நாட்களுக்கு மேற்பட்ட அளவும் கூடாது. சவூதி உணவு, மருந்து அதிகாரசபையின் முன் அனுமதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வில்லைகளைப் பெட்டியிலிருந்து கழற்றி பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுபோகும் பழக்கத்தை இன்றே கைவிடுங்கள். மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டு அதன் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். பணம், தங்கம், நகை 60,000 ரியால் பெறுமதியைத் தாண்டினால் போகும்போதும் வரும்போதும் வெளிப்படுத்த வேண்டும். திரும்பும்போது ஸம்ஸம் நீரைச் சூட்கேஸுக்குள் மறைத்து வைக்காமல், அதற்கென விற்கப்படும் ஐந்து லீற்றர் போத்தலிலேயே எடுத்து வாருங்கள்.

எமது மார்க்கத்தில் எந்த அமலுக்கும் உயிர் நிய்யத்துதான். ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரி உள்ளத்தைப் பார்ப்பதில்லை. கடவுச்சீட்டில் இருப்பதையும் பெட்டிக்குள் இருப்பதையும் மட்டுமே பார்க்கிறார். இதை எமக்குக் கொடுமையாகக் கற்பித்தது மூதூர் ரிஸானா நபீக்கின் மரணம். 1988 இல் பிறந்த அந்தப் பிள்ளையை 1982 இல் பிறந்ததாகக் காட்டும் கடவுச்சீட்டுடன் 2005 இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாக அனுப்பினார்கள். அவர் சிறுமி என்று பின்னர் எவ்வளவு வாதாடியும், அந்தப் பொய் வயது சுவராக நின்றது. 2013 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. காகிதத்தில் ஒரு பொய்யை எழுதியவர் யாரோ. அதன் விலையைச் செலுத்தியது அந்தப் பிள்ளை.

அன்று தொழிலுக்கு அனுப்பியவர்கள் செய்ததை, இன்று இபாதத்துக்கு அனுப்புவோரில் சிலர் வேறு வடிவில் செய்ய முனைகிறார்கள். இதைத் தடுக்கப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஷஃபானிலிருந்து ஷவ்வால் வரை ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு ஜும்ஆவிலாவது இந்த விதிகளைக் கதீப்மார் சொல்லலாம். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் அனுமதி பெற்ற ஹஜ் முகவர்களின் பட்டியலைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். பணம் கொடுக்கும் முன், "என் கடவுச்சீட்டில் விழப்போவது என்ன விசா? இதை எழுத்தில் தருவீர்களா?" என்று ஒவ்வொருவரும் கேட்கலாம். எழுத்தில் தரத் தயங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். விதிகள் ஒவ்வொரு வருடமும் மாறுவதால் போன வருடம் போனவரின் அனுபவத்தை நம்பாமல், அந்த வருட அறிவித்தலைப் பார்ப்பதும் அவசியம்.

அந்த முதியவர் விசிட் விசாவில்தான் போனார். மகளோடு ஷவ்வால் ஆரம்பத்தில் சில நாட்கள் தங்கி, ஓர் உம்ராவை நிறைவேற்றிவிட்டு, துல்கஃதா பிறக்கும் முன் ஊர் திரும்பினார். ஹஜ்ஜுக்காகத் திணைக்களத்தில் பெயர் பதிந்திருக்கிறார். முறை வரும்வரை ஹயாத் இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. "நிய்யத்தை வச்சிட்டன் மகன், மிச்சம் அவன்ட கையில" என்றார். அவருடைய நிய்யத்தை ஏற்றுக்கொள்பவன் அல்லாஹ். மருமகனை ஆபத்தில் தள்ளாமல் அதைச் சுமந்து காத்திருக்கிறார் என்பதே என் பார்வையில் அவர் தொடங்கிவிட்ட ஹஜ்ஜின் முதல் அடி.