வரலாறு காணாத மழையும் நாம் காணாத மறுகாலும்

புரட்டாசி முடியப் போகிறது. டீக்கடையில் இப்போதே மழைப் பேச்சு. பேச்சு எங்கே தொடங்கினாலும் 2023 டிசம்பரில் வந்து நிற்கிறது. உடனே யாராவது ஒருவர், “அது வரலாறு காணாத மழைல்லா அண்ணாச்சி, யாரு என்ன செய்ய முடியும்?” என்று முடித்து வைக்கிறார். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

மழைக் கணக்கை நான் மறுக்கவில்லை. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். மறுநாள் காலை அளந்தபோது காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை ஒரே நாளில் கொட்டியது. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்டிருந்த மேலடுக்குச் சுழற்சி காரணம் என்றார்கள். சரி. வானத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஆனால் எங்கள் ஊருக்குள் வந்தது மழைத் தண்ணீர் மட்டுமல்ல, உடைந்த குளத்துத் தண்ணீர். இரண்டும் ஒன்றல்ல.

மண்கரைக் குளம் எப்படி உடைகிறது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுகால் திறந்து கிடந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் மிச்சத் தண்ணீர் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும். வயல் முங்கும், தெருவுக்குத் தண்ணீர் வரும், ஆனால் மெல்ல ஏறும். மறுகால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் கரைக்கு மேலே வழியும். வழிய ஆரம்பித்துவிட்டால் மண்கரை கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் கீழ்க்குளத்தில் வந்து மோதும். அப்புறம் வருவது வெள்ளமல்ல, சுவர்.

எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு மாடுகள் கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தன. “கயித்த அவுக்க நேரமில்ல சார்” என்றார். அழக்கூட இல்லை. அவ்வளவு மழைக்கு எந்தக் குளமும் தாங்காது என்று வாதிடுகிறவர்களுக்கு என் பதில் இதுதான். தாங்காமல் போகட்டும். ஆனால் கயிற்றை அவிழ்க்கிற நேரத்தை மறுகால் கொடுத்திருக்கும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது புரட்டாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு குளத்துக்குப் போவார்கள். ஐப்பசியில் சாயங்காலம் இடி இடித்துப் பெய்தால் ராத்திரி அரிக்கேன் விளக்கோடு கரையில் காவல் நிற்பார்கள். வெள்ளச் சேதத்தைத் தடுக்க ஊரார் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று 1858-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. யார் மண் சுமந்தார்கள், யார் குடை பிடித்து நின்று அதட்டினார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் மறுகால் எங்கே இருக்கிறது என்று அப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது.

பிறகு குளம் அரசாங்கத்தின் பொறுப்பு என்று கையைக் கழுவிவிட்டோம். மடை ஷட்டர் துருப்பிடித்து அசையவில்லை என்று இரண்டு தடவை மனு எழுதிக் கொடுத்தேன். நிதி வந்ததும் பார்ப்போம் என்றார்கள். வெள்ளத்துக்குப் பிறகு நிதி வந்தது, ரேஷன் கடை வழியாக, அட்டைக்கு 6,000 ரூபாய். செத்த மாட்டுக்குப் பணம் இருக்கிறது, மாடு சாகாமல் இருப்பதற்கு இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அதிகாரிகளை மட்டும் திட்டி முடித்தால் நீங்களும் சந்தோஷமாகப் படித்துவிட்டுப் போவீர்கள். மறுகால் ஓடையில் வாழை வைத்தது எந்த அதிகாரி? நம்ம ஆட்கள்தான். அதில் என் கூடப்பிறந்த அண்ணனும் ஒருவர். ஊர்க்கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது, தலைமையாசிரியராக இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்கு அந்த ஓடையில் விளைந்த தார்தான் என் வீட்டுக்கும் வந்தது. மனு எழுதிய கை அதையும் வாங்கி வைத்தது.

வெள்ளம் அந்த வாழையை வாரிக்கொண்டு போனது. இப்போது அண்ணன் இல்லை. அவர் மகன் அதே ஓடையில் மறுபடி வாழை வைத்திருக்கிறான். போன வாரம் போய்ச் சொன்னேன். “எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கேன் சித்தப்பா” என்றான். மற்றவர்களைக் கேட்டால் அவர்களும் அதையே சொல்கிறார்கள்.

ஆகவே உள்ளூர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் மறுகாலில் நிற்பேன். மண்வெட்டி பிடிக்க எனக்குச் சத்தில்லை, உங்களில் பலருக்கும் இருக்காது. ஆனால் நாம் நின்றால் பிள்ளைகள் வருவார்கள். முதலில் எங்கள் வீட்டு வாழையைத்தான் வெட்டச் சொல்லப் போகிறேன். அவன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.