விடுமுறையில் மகள் தேடும் தோழியர்

டிசம்பர் மாதத்தில் கல்லூரி விடுதிகள் காலியாகின்றன. பருவத் தேர்வு முடிந்து, பெட்டியும் பையுமாகப் பெண்பிள்ளைகள் ஊர் திரும்புகின்றனர். வீடு மகிழ்கிறது. மகளுக்குப் பிடித்ததை உம்மா ஆசையோடு சமைக்கிறார். உறவினர் வந்து பார்த்துச் செல்கின்றனர். மூன்று நாட்கள் கழிந்ததும் அவள் முகம் வாடத் தொடங்குகிறது. தோழியரை எண்ணி ஏங்குகிறாள் என்று அறிந்ததும் பெரும்பாலான வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: “பெற்றவர்கள் நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது உனக்கு வேறு யார் வேண்டும்?”

இரத்த உறவைப் பேணுவது மார்க்கம் வலியுறுத்தும் கடமை; அதில் மாற்றுக் கருத்தில்லை. எனினும் ஓர் உறவின் உரிமையை நிறைவேற்றுவதற்காக மற்றோர் உறவை ஒன்றுமில்லாததாக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 61ஆம் வசனம், எவரெவர் இல்லங்களில் உணவருந்துவது குற்றமாகாது என்று வரிசைப்படுத்துகிறது. தந்தையர், தாயர், சகோதரர், சகோதரியர், தாய்தந்தையரின் உடன்பிறந்தார் என நீளும் அவ்வரிசையில் நண்பரின் இல்லமும் இடம்பெறுகிறது. குடும்பத்தையும் நட்பையும் இறைவேதம் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்ல, நாம் ஏன் அவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறோம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். தோழியருடன் அவர் பொம்மைகள் வைத்து விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் வரும்போது அத்தோழியர் நாணி மறைந்துகொள்வர். நபியவர்களோ அவர்களைத் திரும்ப அழைத்து, ஆயிஷாவுடன் விளையாட அனுப்பிவைப்பார்கள். பின்னர் அன்னையவர்கள்மீது அவதூறு சுமத்தப்பட்ட கொடிய நாட்களில், பெற்றோர் இருவரும் அருகில் அமர்ந்திருக்க, அவர் அழுதுகொண்டிருந்தார். அப்போது அன்சாரிப் பெண் ஒருவர் அனுமதி கேட்டு உள்ளே வந்து, அவருடன் அமர்ந்து தாமும் அழுதார். அந்நிகழ்வை விவரித்த அன்னையவர்கள் அப்பெண்ணைக் குறிப்பிடத் தவறவில்லை. பெற்றோர் பக்கத்தில் இருந்தபோதும் ஒரு பெண்ணின் துயரில் இன்னொரு பெண்ணுக்கு இடம் இருந்தது. நம் வீடுகளில் எழும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

அதே வீட்டின் மகனும் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அஸர் தொழுதுவிட்டு நண்பர்களோடு புறப்படுகிறவன் இஷாவுக்குப் பின்னரே திரும்புகிறான். அவனிடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை. மகளோ பக்கத்துத் தெருவில் வசிக்கும் தோழியைப் பார்த்துவர மூன்று பேரிடம் அனுமதி பெற வேண்டும். டிசம்பரில் ஆறு மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடுவதால், அனுமதி கிடைப்பதற்குள் மக்ரிப் பாங்கும் சொல்லப்பட்டுவிடும். எஞ்சியிருப்பது கைபேசி ஒன்றே. “எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள்” என்று அதற்கும் குறை சொல்கிறோம். வாசற்கதவைச் சாத்தியவர்கள் சாளரத்தைக் கடிந்துகொள்வது முறையன்று.

பெற்றோரின் அச்சம் பொருளற்றதென்று நான் சொல்லவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது. சேர்க்கை சரியில்லையெனில் பிள்ளை வழிதவறவும் கூடும். மனிதர் தம் நண்பரின் வழியிலேயே செல்வர். ஆகவே யாருடன் நட்புக் கொள்கிறோம் என்று கவனிக்க வேண்டும் என நபியவர்களும் அறிவுறுத்தியுள்ளார்கள். கவனிப்பதற்கு முதலில் அத்தோழியரை நாம் அறிந்திருக்க வேண்டுமல்லவா? அறிவதற்கு எளிய வழி, அவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்தளிப்பதே. அறைத்தோழி வேறு சமயத்தைச் சார்ந்தவளாகவும் இருக்கலாம். ரமளானில் அண்டை வீட்டாருக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும் நமக்கு அவளை வரவேற்பது புதிதா என்ன?

இந்த ஏக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவதில் பேரிழப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. 1955இல் சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் மகளிர் கல்லூரி எழுந்தது. பின்னர் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலும் மகளிர் கல்லூரிகள் தோன்றின. ஆகவே இன்றைய உம்மாமார் பலரும் கல்லூரியில் பயின்றவர்களே. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: உங்களோடு ஒரே தட்டில் உண்ட தோழி இன்று எங்கே? பலருக்கு விடை தெரியாது. திருமணத்தோடு அந்நட்பு அறுந்துபோயிற்று. அறுந்ததை எவரும் இழப்பாகக் கருதவுமில்லை. விடுமுறையில் மகளின் ஏக்கத்தை அலட்சியம் செய்கையில், அந்தப் பிரிவுக்கு அவளை இப்போதே பழக்குகிறோம்.

கணவன்மார்களும் இங்கு ஒரு முன்மாதிரியைக் காணலாம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும், நபியவர்கள் ஆடு அறுத்தால் அதன் இறைச்சியைக் கதீஜாவின் தோழியருக்குக் கொடுத்தனுப்புவார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள செய்தி இது. மனைவி இறந்த பின்னும் அவருடைய நட்பு அங்கு மதிக்கப்பட்டது. உயிரோடிருக்கும் மனைவியின் தோழியர் பெயர்களேனும் நமக்குத் தெரியுமா?

அன்பு மகளே, உன் ஏக்கம் நன்றிகேடன்று; அது நல்ல நட்பு வாய்த்ததன் அடையாளம். உம்மாவிடம் உன் தோழியரைப் பற்றிப் பேசு; அவருடைய பழைய தோழியைப் பற்றியும் கேள். இருவருமாக முயன்றால் அந்தத் தோழியின் எண்ணைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்கலாம். நேரில் இல்லாத ஒருவருக்காக நாம் துஆச் செய்யும்போது, உனக்கும் அவ்வாறே கிடைக்கட்டும் என்று வானவர் கூறுவதாக நபிமொழி உண்டு. தொழுகைக்குப் பின் உன் தோழியரின் பெயர்களைச் சொல்லித் துஆச் செய்.

பெற்றோரே, விடுமுறை முடிய இன்னும் நாட்கள் இருக்கின்றன. ஒரு நாள் மதிய உணவுக்கு மகளின் தோழியரை அழையுங்கள். தொலைவில் இருப்பவளென்றால் அவள் பெற்றோருடன் நீங்களே பேசுங்கள். இரு குடும்பங்கள் அறிமுகமானால், திருமணத்திற்குப் பின்னும் அந்நட்புக்குச் செல்ல ஒரு வாசல் திறந்திருக்கும்.