கம்பளிச் சந்தைக்குக் கிளம்பும் முன்...

நம்ம பெங்களூர் சித்ரகலா பரிஷத் கைவினைச் சந்தையாகட்டும், அமெரிக்காவில் அக்டோபர்தோறும் ரைன்பெக்கில் நடக்கும் கம்பளித் திருவிழாவாகட்டும், பின்னல் தெரிந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பி நான் பார்த்ததில்லை. வாங்கியதில் பாதி கட்டிலுக்கு அடியில் தூங்கும். எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால் டெட் ஸ்டாக்!

என் கட்சி இதுதான்: பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். தங்கமணி ஒத்துக்கொள்வதில்லை. "நூலைத் தொட்டுப் பார்த்தாத்தான் என்ன பின்னலாம்னே தோணும்" என்பது அவர் வாதம். நிறத்துக்கு அது சரி. அளவை அந்தக் கூட்டத்தில் நின்று யோசிக்க முடியுமா?

முதலில், கிராம் கணக்கை நம்பாதீர்கள். லேபிளில் மீட்டர் பாருங்கள். சாக்ஸ் பின்னும் மெல்லிய நூல் 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும். நல்ல தடிமனான நூல் அதே 100 கிராமுக்கு 100 மீட்டர்தான். போகும் முன் வீட்டில் இருக்கும் அதே தடிமன் நூலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணிவிடுங்கள். 22 வரவேண்டிய இடத்தில் 20 வந்தால், 220 கண்ணியில் 100 செ.மீ. வரவேண்டிய சுற்றளவு 110 ஆகிவிடும். ஸ்வெட்டரும் போச்சு, நூலும் போச்சு.

(ஊசி வாங்குபவர்களுக்கு: போனி ஊசி நம்ம நீலகிரி கேத்தி கம்பெனியுடையது. கம்பெனி சட்டம் படித்த காமர்ஸ்காரர்களுக்கு 1981 சுப்ரீம் கோர்ட் 'நீடில் இண்டஸ்ட்ரீஸ்' வழக்கு ஞாபகம் வரும். அதே கம்பெனிதான்!)

கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் ஒன்று உண்டு. சாயம் தோய்த்த லாட் நம்பர் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும், கணக்குக்கு மேல் ஒன்று சேர்த்தே வாங்குங்கள். மிஞ்சினால் ஒரு உருண்டைக் காசு நஷ்டம். குறைந்தால், அதே நிறம் வேறு லாட்டில் கிடைத்தாலும் ஒரு கை மட்டும் தனியாகத் தெரியும். சந்தைக் கடைக்காரரை மறுபடி எங்கே போய்த் தேடுவது?

அக்ரிலிக் நூல் சிக்பேட்டையில் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. அதைச் சந்தையில் வாங்க அவசியமே இல்லை. கையால் நூற்றது, இயற்கைச் சாயம் போட்டது, இவற்றுக்கு மட்டும் அங்கே பர்ஸைத் திறக்கலாம். குழந்தைக்கு என்றால் மெஷினில் துவைக்கலாமா என்றும் கேளுங்கள். சாதாரணக் கம்பளி சுடுதண்ணீரில் அலசினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கைக்குழந்தைக்காரி கையால் துவைத்துக்கொண்டு இருப்பாளா என்ன?

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா பெண்ணுக்குத் தை மாசம் பிரசவம். இந்த வருஷப் பட்டியலில் அதுதான் முதல் வரி. எப்போது பின்னி முடியும், யார் கையில் கொடுத்தனுப்புவது என்று பார்த்துவிட்டு, ஆறு மாச அளவு வேண்டாம், ஒரு வயசு அளவுக்கே நூல் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தங்கமணி இன்னும் பதில் சொல்லவில்லை.