குழந்தை வண்டி வாங்கப் போகிறீர்களா? விலையைப் பார்க்கும் முன் வீதியைப் பாருங்கள்!

கொடைரோடு –

குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி ஒரு காலத்தில் சினிமாவில் பணக்கார வீட்டுக் காட்சியில் மட்டும் வரும். இப்போது அப்படி இல்லை. கொடைரோடு ரெயில் நிலையத்தில் இறங்கி மலைக்குப் போகிற குடும்பங்கள் பெட்டியோடு பெட்டியாக அதையும் இறக்குகின்றன. திண்டுக்கல், மதுரைக் கடைகளில் அது வாசலிலேயே நிற்கிறது.

ஆயிரக்கணக்கில் தொடங்கும் விலை, ஐம்பதாயிரத்தையும் தாண்டிப் போகிறது. கையில் காசு இருப்பவர்கள் வாங்குகிறார்கள். காசு இல்லாதவர்கள் தவணையில் வாங்குகிறார்கள்.

“பிறந்த குழந்தைக்குத் தொட்டில், உட்காரும் குழந்தைக்கு நாற்காலி, காரில் வைத்தால் கார் சீட். எல்லாம் ஒரே வண்டி! நாலு வயது வரை கவலையே இல்லை!” – இதுதான் விற்பனைப் பேச்சு.

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டி நம் ஊர் பஜாரில் பத்தடி உருளுமா? அதை யாரும் கேட்பது இல்லை!

அப்பா செய்த வண்டி

இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்று ஒருவர் இருந்தார். விமான என்ஜினீயர். இரண்டாம் உலகப்போரில் பெயர் வாங்கிய ஸ்பிட்பயர் போர் விமானத்தின் சக்கரக் கால் அமைப்பில் வேலை செய்தவர்.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, வெளிநாட்டில் இருந்து மகள் பேரக்குழந்தையோடு வந்தார். கனமான குழந்தை வண்டியை வைத்துக்கொண்டு மகள் பட்ட பாட்டைத் தகப்பன் பார்த்தார். விமானத்தின் சக்கரம் மடங்கி உள்ளே போகிறதே, குழந்தை வண்டி ஏன் மடங்கக் கூடாது?

1965-ல் குடை போல மடங்கும் அலுமினிய வண்டியைச் செய்து, காப்புரிமைக்கு எழுதினார். எடை சுமார் 3 கிலோ. உலகம் எங்கும் இன்று ஓடுகிற மடக்கு வண்டிகளுக்கு எல்லாம் அதுதான் மூத்த பிள்ளை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவர் வண்டியில் வசதியைக் கூட்டவில்லை. கனத்தைக் குறைத்தார்! தூக்குகிறவள் யார், எங்கே தூக்கப் போகிறாள் என்று பார்த்துச் செய்தார். வாங்குகிறவர்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு நிமிடக் கணக்கு

கொடைரோட்டில் பல எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்பது ஓரிரு நிமிடம்தான். அதற்குள் பெட்டி, பை, பாட்டி, பிள்ளை எல்லாம் ஏறியாக வேண்டும்.

இடுப்பில் ஒரு குழந்தை. தோளில் ஒரு பை. மீதி இருப்பது ஒரே ஒரு கை. அந்த ஒரு கையால் வண்டி மடங்குமா? மடங்காது என்றால் அது எத்தனை ஆயிரம் ரூபாய் வண்டியாக இருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தில் அது சுமைதான்.

எடைக் கணக்கையும் பார்க்கலாம். தொட்டில், நாற்காலி எல்லாம் சேர்ந்த பெரிய ரக வண்டிகள் 10 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 9 கிலோ 600 கிராம். இரண்டையும் சேர்த்தால் 20 கிலோ. கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பம்! அதைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலத்தின் படி ஏறி இறங்க வேண்டியது தாய்தான், கடைக்காரர் வரமாட்டார்.

ஆகவே கடையில் வண்டியைத் தள்ளிப் பார்ப்பது மட்டும் பரீட்சை ஆகாது. மடக்கிப் பாருங்கள். தூக்கிப் பாருங்கள். கடையில் மாடிப்படி இருந்தால் நாலு படி ஏறிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். காசு உங்களுடையது!

மடக்கிய வண்டியின் நீள அகலத்தையும் அளந்துகொள்வது நல்லது. ரெயிலில் கீழ் இருக்கைக்கு அடியில் போகுமா, டவுன் பஸ்சில் கால் இடிக்காமல் நிற்குமா, ஷேர் ஆட்டோவில் மடியில் வைக்க முடியுமா என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டு அரசு பஸ்களில் 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று 2022-ல் அறிவித்துவிட்டார்கள். குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்பதற்காக வண்டிக்கு இடம் கிடைத்துவிடாது!

வளரும் பிள்ளைக்கு மூன்று பருவம்

“நாலு வயது வரை” என்ற பேச்சுக்கு வருவோம்.

முதல் பருவம், பிறந்ததில் இருந்து ஏறக்குறைய ஆறு மாதம். கழுத்தும் முதுகும் உறுதிப்படாத காலம். அப்போது வண்டியில் போவதானால் குழந்தை மல்லாந்து, ஏறக்குறைய மட்டமாகப் படுக்க வேண்டும். முதுகுப்பலகை முழுக்கச் சாயாத வண்டி இந்தப் பருவத்துக்கு ஆகாது. நம் வீட்டில் சேலைத் தூளியும், தாயின் மடியும் இருக்கின்றன. இந்த ஆறு மாதத்துக்காக மட்டும் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்று யோசிப்பது தவறு இல்லை.

இரண்டாவது பருவம், உட்காரத் தொடங்கியதில் இருந்து நன்றாக நடக்கும் வரை. வண்டிக்கு உண்மையான வேலை இப்போதுதான். மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் உதவும்.

மூன்றாவது பருவம், நடக்கத் தெரிந்த பிறகு. இந்த வயதுப் பிள்ளை வண்டியில் உட்காராது. வண்டியைத் தானே தள்ளப் பார்க்கும்! நம் ஊர் ஆசாரி செய்து தரும் மூன்று சக்கர நடைவண்டிதான் அந்த வயதுக்கு ராஜா. தூர நடையில் கால் வலித்தால் மட்டும் பிள்ளை பெரிய வண்டியைத் தேடும்.

வண்டி தாங்கும் எடையும் ஒரு விஷயம். ஐரோப்பியத் தர விதியில் குழந்தை வண்டிகள் 15 கிலோ வரை ஒரு பிரிவு, 15 முதல் 22 கிலோ வரை இன்னொரு பிரிவு. மூன்று வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 14 கிலோ 300 கிராம். நாலு வயதில் 16 கிலோவைத் தாண்டிவிடும். 15 கிலோ என்று அச்சடித்த வண்டியை “நாலு வயது வரை” என்று விற்றால், கணக்கு உதைக்கிறது அல்லவா! பேச்சை நம்ப வேண்டாம். வண்டியின் அடியில் ஒட்டி இருக்கும் சீட்டைப் படியுங்கள்.

தாய்மார்களே, உஷார்!

விலை உயர்ந்தது என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் அல்ல.

மேலே சொன்ன மெக்லாரன் பெயரில் விற்ற வண்டிகளுக்கே 2009 நவம்பரில் அமெரிக்காவில் சோதனை வந்தது. மடக்கும் கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள்! சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீலை மூடும் உறை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எந்த மடிப்பு உலகப் புகழ் வாங்கித் தந்ததோ, அதே மடிப்பில்தான் விரலும் மாட்டியது.

வண்டியை மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். கீல் மூடி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

அதே 2009-ன் அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம், ஆஷ்பர்ட்டன் ரெயில் நிலையம். தாய் ஒரு கணம்தான் கையை எடுத்தார். வண்டி தானே உருண்டு, நடைமேடை விளிம்பைத் தாண்டித் தண்டவாளத்தில் விழுந்தது. அதே நேரம் ரெயிலும் வந்துவிட்டது! வண்டியை மோதித் தள்ளிக்கொண்டு போய்த்தான் ரெயில் நின்றது.

பதறிப்போய்ப் பார்த்தவர்களுக்கு அதிசயம் காத்திருந்தது. ஆறு மாதக் குழந்தை தலையில் ஒரு வீக்கத்தோடு பிழைத்துக் கிடந்தது. பெல்ட் மாட்டி இருந்ததுதான் உயிரைக் காப்பாற்றி இருக்க வேண்டும் என்று ஆம்புலன்ஸ் ஊழியர் சொன்னார்.

கண்காணிப்புக் காமிராவில் பதிவான இந்தக் காட்சியை உலகமே பார்த்துக் குலை நடுங்கியது. கொடைரோடு நடைமேடையில் நிற்கிறவர்களும் இதை மறக்கக் கூடாது. நடைமேடையில் வண்டி நின்றால் பிரேக் போட வேண்டும். பிரேக் போட்டாலும் கை எடுக்கக் கூடாது. வண்டியைத் தண்டவாளத்தைப் பார்த்து நிறுத்தாமல், அதற்கு இணையாக நிறுத்த வேண்டும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் மாட்டும் பெல்ட் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கினால் போதாது, தினமும் மாட்ட வேண்டும்!

இன்னொன்று, கைப்பிடியில் பை மாட்டுவது. நிலக்கோட்டைப் பூவும், கொடைரோட்டுப் பன்னீர் திராட்சையும் இரண்டு மூன்று கிலோ வாங்கிக் கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி பின்பக்கம் குடை சாயும். குழந்தையை வெளியே எடுத்த நிமிடத்தில் கவிழ்ந்துவிடும். பை வைக்க வண்டியின் அடியில் கூடை இருக்கிறது.

வெயிலுக்குத் துண்டு போட்டு மூடுவதும் நம் பக்கத்துப் பழக்கம். காற்றுப் போகாமல் மூடினால் உள்ளே வெப்பம் ஏறும். சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காய்ந்த துணி வண்டிக்குள் சூட்டைக் கூட்டுகிறது, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி சூட்டைக் குறைக்கிறது என்று கண்டார்கள். சித்திரை வெயிலில் இது பெரிய விஷயம். துணியை அடிக்கடி நனைக்க வேண்டும். காற்றுக்கு வழி விட வேண்டும். உள்ளே குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எது நல்ல செலவு?

அப்படியானால் விலை உயர்ந்த வண்டியே வீணா? இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் வீண் இல்லை.

நல்ல பிரேக்குக்குக் கொடுக்கலாம். உறுதியான பெல்ட்டுக்குக் கொடுக்கலாம். ஒரு கையால் மடங்குவதற்குக் கொடுக்கலாம். ஜல்லியிலும் குழியிலும் மாட்டாத பெரிய சக்கரத்துக்குக் கொடுக்கலாம். வழுவழு தரைக்குச் செய்த சின்ன பிளாஸ்டிக் சக்கரம் நம் பஜார் ரோட்டில் திரும்பிக்கொண்டு அடம்பிடிக்கும். காற்று அடைக்கும் டயர் சொகுசுதான்; ஆனால் பஞ்சர் ஆனால் அந்த அளவு டியூப் சைக்கிள் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் கார் சீட்டோடு வரும் வண்டிக்குக் கொடுப்பது மிக நல்ல செலவு. வத்தலக்குண்டு வழியாக மலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதைப் போல ஆபத்து வேறு இல்லை. பெல்ட்டோ, குழந்தைக்கு உரிய பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்குப் பயந்து வாங்க வேண்டும்.

கப் வைக்கும் தட்டு, செல்போன் மாட்டும் கொக்கி, பெயர் பொறித்த தோல் உறை – இதற்கெல்லாம் கொடுப்பது பிள்ளைக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு!

பில் கட்டாயம் வாங்க வேண்டும். சக்கரம், கீல், பெல்ட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வண்டி சரி, வழி எங்கே?

கடைசியாக, எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

ஐம்பதாயிரம் ரூபாய் வண்டியை வாங்கிவிடலாம். அது உருள நடைபாதை வேண்டுமே! நடைபாதை என்று இருக்கும் இடத்தில் கடைச் சரக்கு, மோட்டார் சைக்கிள், சாக்கடை மூடி இல்லாத ஓட்டை. தாய் வண்டியை நடுரோட்டில் இறக்குகிறாள். பின்னால் லாரி ஆரன் அடிக்கிறது. திண்டுக்கல்–மதுரை நான்கு வழிச்சாலை ஓரத்து ஊர்களில் இந்தப் பாடு இன்னும் அதிகம்.

படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டால் செலவு மிகப் பெரிதா? அது குழந்தை வண்டிக்கு மட்டும் உதவாது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், முழங்கால் வலிக்கிற பெரியவருக்கும், மூட்டை தள்ளுகிற தொழிலாளிக்கும் அதுவே வழி. பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகள் தடை இல்லாமல் போய்வர வழி செய்ய வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. புதிதாகப் பிச்சை கேட்கவில்லை. இருக்கிற சட்டத்தை நிறைவேற்றச் சொல்வதுதான்.

கடைக்காரர்களும் தங்கள் வாசலில் மூன்றடி விட்டால் போதும். வழி விட்ட கடையில்தான் வண்டி நிற்கும். வண்டி நின்றால்தான் வியாபாரம் நடக்கும்!

அந்த வழி வரும் வரைக்கும் பெற்றோருக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வண்டி எத்தனை விதமாக மாறும் என்று கேட்காதீர்கள். வீட்டு வாசலில் இருந்து பஸ் நிறுத்தம் வரை ஒருமுறை வெறுங்கையோடு நடந்து, எத்தனை படி, எத்தனை குழி என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த வண்டி வேண்டும் என்பதை அந்த வழியே சொல்லிவிடும்.